மச்சான் போட்ட வாட்ச்

நீல வெல்வெட் தட்டில் இரண்டு வாட்சுகள் அருகருகே கிடந்தன. விருமாண்டி இரண்டையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தையில் கிடாய் பார்ப்பது போல முன்னால் நின்று பார்த்தான், பக்கவாட்டில் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான்.

"தொட்டே பாருங்கண்ணே. கடிச்சிராது," என்றார் கடைக்காரர் விஸ்வநாத்.

"நம்ம கை சொரசொரன்னு இருக்கும் சார். கீறல் விழுந்துச்சுன்னா?"

"கண்ணாடி சஃபையர்ணே. உங்க கைதான் கீறும். அது கீறாது."

விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில், ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டின் உச்சியில் இருந்தது அந்தக் கடை. கீழே தெருவில் ஆட்டோக்காரர்கள் போடுகிற சண்டை இங்கே ஏறி வருவதற்குள் இளைத்துவிடுகிறது. சுவர் முழுக்கக் கடிகாரங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஆளுக்கொரு நேரம் காட்டின. பேரையூரிலிருந்து காலை பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருந்தான் விருமாண்டி. தங்கச்சி முனீஸ்வரியின் மகனுக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து. மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் அவன். சீர்த்தட்டுகளும் குத்துவிளக்கும் கீழே ஜெயபாண்டியின் பாத்திரக்கடையில் பேர் வெட்டுவதற்காகக் காத்திருந்தன. "சாவி குடுக்கிற வாட்சு எங்கண்ணே கிடைக்கும்?" என்று அந்த ஜெயபாண்டியிடம் கேட்டதில்தான் இந்த மாடிப்படியின் விலாசம் கிடைத்தது.

காது குத்துவது மருமகனுக்கு. வாட்சு மருமகனின் அப்பன் அசோக்குமாருக்கு. அதில்தான் ஒரு வருஷமாக விருமாண்டியின் மானமே தொங்கிக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் இருக்கிறது புதுசு," என்று ஆரம்பித்தார் விஸ்வநாத். "ஜப்பான் சரக்கு. ஆட்டோமேட்டிக். கை ஆட ஆட அதுவே சாவி ஏத்திக்கும். பின்னாடி கண்ணாடி போட்டிருக்கான், உள்ள மிஷின் ஓடுறதப் பாக்கலாம்."

"எங்க மாப்ளைக்குக் கை எங்க சார் ஆடும்? ஏசி ரூம்ல உக்காந்த இடத்துல வேலை. கை ஆடுறதெல்லாம் எங்களுக்குத்தான்."

விஸ்வநாத் சிரித்துவிட்டார். "அப்ப வலது பக்கம் பாருங்க. சுவிஸ். தினம் காலையில ஒரு தடவை சாவி குடுக்கணும். எம்புட்டு மெல்லிசு பாத்தீங்களா? முழுக்கைச் சட்டைக்குள்ள நழுவிப் போயிரும். டிரஸ் வாட்ச்னா அதான். போட்டிருக்கிறதே தெரியக்கூடாது, தெரிஞ்சா அழகா இருக்கணும். ஒரே விஷயம், இது பழசு. ஒரு கை மாறுனது. இந்த மாடலைக் கம்பெனியே நிறுத்திட்டான். நீங்க வந்ததும் வராததுமா, மெல்லிசா, வெள்ளை முகத்தோட, கீழ சின்ன வட்டத்துல நொடி முள்ளு தனியா ஓடணும்னு கேட்டீங்கல்ல? அப்படியே பொருந்துற மாதிரி எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்."

விருமாண்டி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தான். சோளத்தட்டையின் எடைகூட இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி கல்யாணத்தன்று மணவறையில் வைத்து அசோக்குமாரின் கையில் அவன் கட்டிவிட்ட வாட்சும் இந்த ரகம்தான். அது பழுப்பு வார். இது கறுப்பு. மற்றபடி அச்சு அசல். ஊரில் மாப்பிள்ளைக்கு மச்சான் போடுவது மோதிரம். மோதிரத்தோடு வாட்சும் போட்டவன் அன்றைக்கு அவன் ஒருத்தன்தான்.

அந்த வாட்சு போன வருஷம் சித்திரைத் திருவிழாவில் பறிபோனது.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்தே தீர வேண்டுமென்று மாப்பிள்ளையையும் தங்கச்சியையும் கே.கே. நகர் வீட்டிலிருந்து கிளப்பிக் கூட்டிப்போனவன் அவன்தான். "டிவியிலயே பாத்துக்கலாம் மச்சான், கூட்டம் கொல்லும்," என்று அசோக்குமார் ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னார். அவன்தான் கேட்கவில்லை. அந்த வேக்காட்டில் மாப்பிள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டியிருந்தார்.

"என்ன மாப்ள, புழுங்கிச் சாகவா?"

"மச்சான் போட்ட வாட்ச்சு வேர்வையில நனையக்கூடாதுல்ல," என்றார் அசோக்குமார், சட்டை மேலேயே மணிக்கட்டைத் தட்டிக்காட்டி. அந்த ஒரு வார்த்தைக்கு விருமாண்டிக்கு நெஞ்சு ரெண்டு சுற்றுப் பெருத்துப் போனது.

வைகைக்குள் மணலும் தெரியாத கூட்டம். தங்கக் குதிரை திரும்புகிற நேரத்தில் ஒரு தள்ளு. "மச்சான், வாட்ச்சு!" என்று கத்தினார் அசோக்குமார். பொத்தான் அவிழ்ந்த கை வெறுமையாக மேலே நின்றது. "இந்தாளுதான் இடிச்சாரு!" என்றும் ஒரு குரல் வந்தது. அது மாப்பிள்ளையின் குரல்தான்.

இடித்த ஆள் அழகர் வேஷம் கட்டி, பூப்போட்ட குல்லா வைத்து, சாமி மேல் தண்ணீர் பீய்ச்ச ஆட்டுத்தோல் பையைத் தோளில் போட்டிருந்த ஒரு ஐம்பது வயசுக்காரர். விருமாண்டி யோசிக்கவே இல்லை. வலது கையால் ஒரே அறை. குல்லா பறந்தது. "சாமி கும்பிட வந்தவன்யா நானு!" என்று அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். பைக்குள் ஒளித்திருப்பான் என்று யாரோ சொல்ல, விருமாண்டி பையைப் பிடுங்கி இழுத்தான். தையல் விட்டு அவ்வளவு தண்ணீரும் மணலில் போயிற்று. உள்ளே ஒன்றுமில்லை. போலீஸ்காரர் வந்து பேர் கேட்டபோது, "நல்லகாமன். அழகர்கோவில் பொய்கைக்கரைப்பட்டி," என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார் அவர். கன்னத்தைத் தடவிக்கொள்ளவில்லை. கிழிந்த தோலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, சாமி அந்தப்பக்கம் போவதைப் பார்த்தபடி நின்றார். விரதமிருந்து வந்தவரின் நேர்த்திக்கடன் அந்த மணலோடு போயிற்று. விருமாண்டி அப்போதும் கோபமாகத்தான் இருந்தான். கூட்டுக்களவாணி எவனிடமாவது கை மாற்றியிருப்பான் என்று நம்பினான். முனீஸ்வரி ஆற்று மண்டபத்து ஓரமாக மணலில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் ஒரு வருஷமாக அசோக்குமார் முகம் கொடுத்துப் பேசியதில்லை. "மச்சான்தான் வாங்க வாங்கன்னு உள்ள இழுத்துட்டுப் போனாரு," என்று சொந்தக்காரர் வீடுகளில் சொன்னதாகக் காதுக்கு வந்தது. "வெறுங்கையப் பாத்துப் பாத்து உக்காந்திருக்காருண்ணே," என்று போனில் சொன்னாள் முனீஸ்வரி. இந்த வருஷத்து மக்காச்சோளம் வீடு வந்து சேர்ந்த அன்றே விருமாண்டி முடிவு பண்ணிவிட்டான். காதுகுத்து மேடையில், நாலு பேர் முன்னால், போன வாட்சு திரும்பி வந்த மாதிரி மாப்பிள்ளை கையில் மறுபடி ஒன்றைக் கட்டிவிட வேண்டும்.

"புதுசுதான் முறை," என்றான் இப்போது, தனக்குத்தானே சொல்வது போல. "ஆனா இதப் பாத்தா அதே மாதிரியே இருக்கு சார். மாப்ள மனசு குளுந்து போகும்."

"எடுத்துக்கங்கண்ணே. ஆனா இருக்கிற குறையச் சொல்லித்தான் விக்கணும், அதான் என் தொழில் புத்தி." விஸ்வநாத் வாட்சை வாங்கிக் கவிழ்த்து, மேஜை விளக்கைச் சாய்த்தார். "பின் மூடிய லேசா சாச்சுப் பாருங்க. எவனோ ஒரு புண்ணியவான், குடத்துல அண்டாவுல வெட்டுவாங்கல்ல, அந்த ஊசி மிஷின வச்சு இதுல பேர் வெட்டிவச்சிருக்கான்! சுவிஸ்காரன் பாத்தா தூக்குல தொங்கிருவான். பட்டிக்காட்டு முட்டாப்பயலுகண்ணே. பாலிஷ் போட்டு முக்கால்வாசி எடுத்துட்டேன். மிச்சம் மட்டும் மங்கலாத் தெரியும்."

லென்சை நீட்டினார். விருமாண்டிக்கு லென்சு தேவைப்படவில்லை.

புள்ளி புள்ளியாக, மேல் வரி முழுக்க அழிந்து போயிருந்தது. நடுவில் '...மாண்டி'. கீழே 'பேரை...'.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே விளக்குத்தூணில், இதே ஜெயபாண்டியின் கடையில், சீர்க்குடங்களுக்கு நடுவே அவன் வாட்சை டப்பாவிலிருந்து எடுத்துக் கவிழ்த்து வைத்து நின்றது கண்ணில் வந்தது. "இதுல வேணாம்ணே, பாழாப் போயிரும்," என்று ஜெயபாண்டி எவ்வளவோ சொன்னார். சீரில் பேரில்லாமல் ஒரு சாமானும் போகக்கூடாது என்று அவன்தான் பிடிவாதம் பிடித்தான். 'அன்புடன் மச்சான்' ஒரு வரி, 'விருமாண்டி' ஒரு வரி, 'பேரையூர்' ஒரு வரி. டிர்ர்ர் என்று ஊசி ஓடி முடித்ததும், வாயால் ஊதி, வேட்டி நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் காட்டி அழகு பார்த்தான். மணவறையில் மாப்பிள்ளை அதைக் கவிழ்த்துப் படித்துவிட்டுச் சிரித்தார். என்ன சிரிப்பு அது என்று இத்தனை நாள் அவனுக்குத் தோன்றவே இல்லை.

"திருட்டுச் சாமானா சார் இது?" என்றான் விருமாண்டி.

"ஐயையோ, அந்தப் பேச்சே இங்க கிடையாதுண்ணே! வித்தவரு ஆதார் கார்டோட வந்தாரு. கே.கே. நகர் ஆளு. நல்ல வேலையில இருக்காரு. ஆபீஸ்ல ஒருநாள் கழட்டி வச்சிருந்தாராம், கூட வேலை பாக்கிறவங்க திருப்பிப் பாத்துப் படிச்சுட்டாங்களாம். என்னா சார், அண்டாவோட சேத்துக் குடுத்தாங்களான்னு கேட்டு ஒரே சிரிப்பாம். அன்னையில இருந்து போடப் பிடிக்கலன்னு சொன்னாரு. பாவமா இருந்துச்சு." விஸ்வநாத் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினார். "கடைக்கு எது வந்தாலும் வந்த அன்னைக்கே படம் எடுத்துருவேன். இந்தா பாருங்க. போன வருசம் மார்ச் பதினெட்டு."

படத்தில் பழுப்பு வாரோடு அவன் வாட்சு இருந்தது.

மார்ச் பதினெட்டு. திருவிழா சித்திரையில். ஒரு மாசத்துக்கும் மேலே, சட்டைக்கைக்குள் ஒன்றும் இல்லாமல்தான் மாப்பிள்ளை வந்து போயிருக்கிறார். வேக்காட்டில் மாட்டியிருந்த அந்தப் பொத்தான் இப்போதுதான் அவனுக்கு அவிழ்ந்தது. கே.கே. நகர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "வாட்சு ஓடுதா மாப்ள?" என்று உரிமையாக அந்த மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பது அவன் வழக்கம். அதற்குப் பயந்து ஒரு திருட்டை உண்டாக்கியிருக்கிறார். அதற்கு ஒரு கூட்டம் வேண்டியிருந்தது. கூட்டத்தை அவனே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். பிடிவாதமாக, பாசமாக, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்.

வாட்சு போனதுகூடப் பெரிசில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பான், ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பான், சரியாகியிருப்பான். ஒரு மனுஷனை இவன் கையால் அறைய விட்டு, அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே.

முனீசுக்குத் தெரிந்திருக்காது. பாவம், மணலில் உட்கார்ந்து அப்படி அழுதாள். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு விருமாண்டி நிமிர்ந்தான்.

இரண்டு வாட்சையும் நேராக்கி வைத்து, போனில் படம் எடுத்து, முனீஸ்வரிக்கு அனுப்பினான். 'மாப்ளைக்கு எது நல்லாருக்கும் தாயி' என்று தட்டினான். ஆசையெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவள் பார்த்த கணமே போன் அலற வேண்டும். அண்ணே, இது நம்ம வாட்சுண்ணே, எங்க இருக்கு, எவன்ட்ட இருக்கு என்று அவள் கத்த வேண்டும். அடையாளம் தெரியாமலிருக்க வழியே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த வாட்சுக்குச் சாவி கொடுத்தவள் அவள்தான். "அவரு மறந்துருவாருண்ணே, நான்தான் சாவி குடுக்கேன்," என்று ஊருக்கு வரும்போதெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

நீலக் குறி ரெண்டும் விழுந்தன. பார்த்துவிட்டாள்.

போனின் மேல் ஓரம் அவள் எழுதுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி எழுதுவதாகக் காட்டியது. மறுபடி நின்றது. சுவரில் கடிகாரங்கள் சேராமல் துடித்துக்கொண்டிருந்தன.

போன் அடித்தது.

"அண்ணே..." பின்னால் குக்கர் விசில். "அந்தப் பெருசு இருக்குல்ல, இடது பக்கம். அதையே எடுண்ணே."

"ஏன் தாயி? இந்தப் பக்கம் இருக்கிறதும் நல்லாத்தான இருக்கு. முன்ன போட்டது மாதிரியே இருக்குல்ல?"

குக்கர் இரண்டாவது விசில் அடித்தது.

"அப்படியா? எனக்கு ஞாபகமில்லண்ணே."

விருமாண்டி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். கீழே தெருவில் ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது.

"ஞாபகமில்லையா?"

"எட்டு வருசமாச்சுல்ல... எந்தக் கடைண்ணே இது?"

"விளக்குத்தூண் பக்கம். மாடியில."

மறுமுனையில் மூச்சு மட்டும் வந்தது. அந்த மூச்சு அவனுக்குத் தெரியும். சின்ன வயசில் தப்புப் பண்ணிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று அவள் விட்ட மூச்சு. அப்போதெல்லாம் அவன்தான் போய் வெளியே கூட்டிவருவான், அவளுக்காக அடியும் வாங்குவான்.

"அண்ணே... வீட்டுக்கு வாயேன். வந்து பேசிக்கிருவோம். காதுகுத்து வச்சிருக்கு, எல்லாருக்கும் பத்திரிகை குடுத்தாச்சு..."

"அந்த ஆளு ஞாபகம் இருக்கா முனீசு? தோல் பை வச்சிருந்தவரு."

அவன் அழைப்பைத் துண்டித்து, போனைச் சட்டைப் பையில் போட்டான்.

மணலில் உட்கார்ந்து அவள் அழுதது நிஜம்தான். எதற்கு அழுதாள் என்பதைத்தான் அவன் ஒரு வருஷமாகத் தப்பாக வைத்திருந்தான்.

"பழசையே குடுங்க சார்."

"நல்லதுண்ணே. ஒரு பத்து நிமிசம் குடுத்தீங்கன்னா இன்னொரு பாலிஷ் போட்டு மிச்ச எழுத்தையும் சுத்தமா எடுத்துர்றேன். சீர்ல வைக்கிற சாமான், எவன் பேரோ எதுக்கு?"

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

விஸ்வநாத் பில் புத்தகத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். "பேரு சொல்லுங்கண்ணே."

"விருமாண்டி."

பேனா ஓடியது.

"ஊரு?"

"பேரையூர்."

'பேரை' வரைக்கும் எழுதின பேனா நின்றது. விஸ்வநாத் தட்டிலிருந்த வாட்சைக் கவிழ்த்துப் பார்த்தார், பில்லைப் பார்த்தார். காது மடலெல்லாம் சிவந்துபோக எழுந்து நின்றார்.

"அண்ணே... நான் சத்தியமா... வாய் தவறி முட்டாப்..."

"முழுசா எழுதுங்க சார். யூர் விட்டுப்போச்சு."

டப்பாவை அவன் வாங்கிக்கொள்ளவில்லை. வாட்சை மட்டும் எடுத்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கையில் கட்டினான். இடது கையில் இல்லை. வலது கையில். வார் கடைசி ஓட்டைக்குத்தான் எட்டியது. பின் மூடியின் புள்ளிகள் தோலில் உறுத்தின.

படியிறங்கும்போது ஜெயபாண்டி கூப்பிட்டார். "அண்ணே, மிஷின் ரெடி. தட்டு அஞ்சு, விளக்கு ரெண்டு. எப்பவும் போலத்தான? தாய்மாமன் விருமாண்டி, பேரையூர்?"

"வெட்டாதீங்க."

"என்னண்ணே சொல்றீக? கேக்கல, தெருவுல ஒரே சத்தம்."

"பேரு வேணாம்ணே. சும்மா கட்டி வைங்க."

ஜெயபாண்டி இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். விருமாண்டி திரும்பிப் பார்க்காமல் சந்து முனையைத் தாண்டித் தெருவில் இறங்கினான். கால்கள் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பழக்கப்பட்ட வழியில் போயின. திருமங்கலம் பஸ் கதவு திறந்து நின்றது. அதில் ஏறினால் அங்கே மாறி, இருட்டுவதற்குள் பேரையூர். அதைத் தாண்டிப் போனான். அழகர்கோவில் பஸ்ஸில் ஏறி, உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்கண்ணே?" என்றார் கண்டக்டர்.

"பொய்கைக்கரைப்பட்டி ஒண்ணு."

"கோயிலுக்கா? சாயரட்சை பூஜைக்குப் போயிரலாம்."

"இல்ல. ஒரு ஆளப் பாக்கணும்."

அந்த நல்லகாமன் வீட்டிலிருப்பாரா, இருந்தாலும் இவனை வாசல்படி ஏற விடுவாரா, ஏறினால் என்ன சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை யார் மடியில் வைத்து அந்தப் பிள்ளைக்குக் காது குத்துவார்கள் என்பதும் தெரியவில்லை. பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். முனீஸ்வரி. அடுத்து மாப்ள. அடுத்து மறுபடி முனீஸ்வரி.

பஸ் வைகைப் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு வறண்டு கிடந்தது. நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தண்ணீர், அதில் ரெண்டு எருமைகள். கூட்டமில்லாத மணல் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றான். வேர்வையில் வாட்சு மணிக்கட்டில் நழுவியது. இடது கையால் அதை மேலே தள்ளினான். பின் மூடி அழுந்தியிருந்த இடத்தில், அறைந்த அந்தக் கையின் தோலில், சிவப்பாக நாலைந்து புள்ளிகள் பதிந்திருந்தன. கம்பியை மாற்றிப் பிடித்து, வாட்சைக் காதோரம் கொண்டுபோனான். பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சின்ன வட்டத்துக்குள் நொடி முள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.